காட்டு ஓட்சும் களைநெல்லும்

கொழும்பு மாநகரின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பலசரக்குக் கடைகளில் ஓட்சு என்னும் தானியம் பேணிகளிலும் பொதிகளிலும் அடைக்கப்பட்டு விற்பனைக்கு இருத்தலைக் காணலாம். குளிர்நாட்டார் கஞ்சியாகக் காய்ச்சி உண்டுவந்த இத்தானியம், நீரிழிவும் இரத்த அழுத்தமும் மலிந்த இந்நாளில் மருத்துவரின் பரிந்துரையோடு இந்நகர வீடுகளிலும் புகுந்துவிட்டது. இதனை உண்போருள் பலர் இதற்குக் காட்டில் ஓர் உடன்பிறப்பு உண்டென்பதை அறியார். காட்டு ஓட்சு எனப்படும் அப்புல், கோதுமையும் வாற்கோதுமையும் விளையும் குளிர்நாடுகளில் உழவருக்குத் தீராத பகையாய் நிற்பது. உலகின் கொடிய களைகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. தாவரநூலார் இதற்கு இட்ட பெயர் அவெனா பற்றுவா என்பது. பற்றுவா என்னும் இலத்தீன் அடைமொழிக்கு மூடத்தனமானது, சுவையற்றது என்று பொருள். இப்புல்லின் செயல்களை ஆராயுமிடத்து, மூடம் எனப் பெயரிட்டோரே ஏமாந்தனர் எனத் தோன்றும்.

காட்டு ஓட்சின் மணி முதிர்ந்ததும் கதிரில் நில்லாது. கோதுமை அரிவாளுக்குக் காத்திருக்கும் வேளையில், அதனிடையே வளர்ந்த இப்புல் தன் மணிகளைச் சிலநாள் முந்தியே நிலத்தில் உதிர்த்துவிடும். உதிர்ந்த மணியின் முதுகிலிருந்து நீண்ட முள்போன்ற வால் ஒன்று புறப்படும். அவ்வால் நடுவில் முழங்கை போல் மடிந்தது. மடிப்புக்குக் கீழ்ப்பாகம் கயிறுபோல் முறுக்குண்டது. ஈரம் பட்டால் முறுக்கு அவிழும். வெயில் காய்ந்தால் மீண்டும் முறுகும். இவ்வாறு இரவும் பகலும் மாறிமாறி முறுகியும் அவிழ்ந்தும் அவ்வால் மணியை நிலத்தின் வெடிப்பொன்றில் திருகிச் செலுத்திவிடும். ஆங்கில விஞ்ஞானி ரொபேட் ஊக் என்பார், 1665 இல் வெளியிட்ட நுண்காட்டி நூலில், காற்றின் ஈரத்தை அளக்கும் கருவிக்கு இக்காட்டு ஓட்சின் வாலையே பயன்படுத்தியதை விவரித்துள்ளார். மண்ணுட் புகுந்த விதைகள் யாவும் அடுத்த மழைக்கே முளைப்பதில்லை. சில முளைக்கும், சில ஓராண்டு உறங்கும், சில பல ஆண்டுகள் உறங்கி, உழவன் களை ஒழிந்தது என்று எண்ணியிருக்குங் காலத்தில் தலைகாட்டும். மண்ணுக்குள் வைப்புநிதி ஒன்றை இட்டுவைத்து ஆண்டுதோறும் வட்டியை மட்டும் எடுத்துச் செலவிடுவது போன்றது இது.

மத்தியதரைக் கடற்பகுதியிலும் மேற்காசியாவிலும் தோன்றிய ஓட்சுப் புற்கள் மனிதனுடைய விதைமூடைகளோடும் கால்நடைகளோடும் உலகைச் சுற்றின. 1769 இல் ஸ்பானியர் கலிபோர்ணியாவிலே தம் சமயநிலையங்களை நிறுவத் தொடங்கினர். அவர்தம் தானியத்தோடும் மந்தைகளோடும் சென்ற காட்டு ஓட்சு, ஒரு நூற்றாண்டுக்குள் அங்குள்ள குன்றுச்சாரல்களைத் தனதாக்கிப் பழைய பல்லாண்டுப் புற்களை ஒதுக்கிவிட்டது. கனடாவின் சமவெளிகளும் அவுஸ்திரேலியாவின் கோதுமை நிலங்களும் பஞ்சாப், அரியானா வயல்களும் இதற்கு இடங்கொடுத்தவையே. களைநாசினிகள் வந்தபின்னும் இது அழியவில்லை. அவற்றுக்கு அசையாத வழிகள் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தோன்றின.

இங்கு ஒரு வினா எழுகின்றது. எத்தனையோ புற்கள் இருக்க, பயிரோடு ஒட்டி உறவாடுவன மட்டும் ஏன் இத்துணைக் கேடு விளைக்கின்றன? இதற்கு விடைகண்டவர் உருசிய நாட்டுத் தாவரநூல் அறிஞர் நிக்கொலாய் வவிலோவ் ஆவார். பசியற்ற உலகைக் காண விரும்பி நாடுதோறும் விதை தேடித் திரிந்த இப்பெரியார், 1943 இல் சரத்தோவ் நகரச் சிறையிலே பசியால் மெலிந்து உயிர்துறந்தமை அறிவுலகம் மறக்கவொண்ணாத கொடுமை. அவர் கூறியது இது: உழவன் களையெடுக்கும்போது அவன் கண்ணுக்கு வேறாகத் தோன்றுவதைப் பிடுங்குகின்றான், பயிர்போலத் தோன்றுவது தப்புகின்றது. அவன் மனைவி சுளகிற் புடைக்கும்போது, தானியத்தினும் சிறியதும் இலேசானதும் பறந்துபோகின்றன. தானியத்தின் அளவும் எடையும் கொண்ட களைவிதை தங்கிவிடுகின்றது. எனவே தலைமுறை தலைமுறையாக மனிதனே, தான் அறியாமல், பயிரைப் போன்ற களையைத் தேர்ந்து வளர்க்கின்றான். ஓட்சும் உறை என்னும் தானியமும் இவ்வாறே கோதுமை வயலில் களைகளாக இருந்தவை. பயிர்த்தொழில் குளிர்மிக்க வளங்குன்றிய நிலங்களை நோக்கி நகர்ந்தபோது கோதுமை சோர்ந்தது, களை செழித்தது. ஈற்றில் உழவன் களையையே பயிராக ஏற்றுக்கொண்டான். வெள்ளவத்தைக் கடையில் விற்கும் ஓட்சின் முன்னோர் ஒருகாலத்தில் வேண்டாதவராய்ப் பிடுங்கி எறியப்பட்டவரே.

இலங்கையில் ஓட்சு விளைவதில்லை. காட்டு ஓட்சுக்கும் நெல்வயலின் வெப்பமும் தேங்குநீரும் ஒவ்வா. ஆயினும் அதன் கதை இத்தீவிலும் நடந்துகொண்டிருக்கின்றது. பாத்திரத்தின் பெயர் மட்டுமே வேறு.

நெல்வயலிற் களையெடுத்துப் பழகிய எவரும் நெற்சப்பிப் புல்லை அறிவர். குதிரைவாலிச் சாதியைச் சேர்ந்த இப்புல் இளமையில் நெற்பயிரைப் போலவே தோன்றும். ஆயினும் தேர்ந்த கமக்காரன் இலையைச் சற்று விலக்கிப் பார்ப்பான். நெல்லின் இலை தண்டைவிட்டுப் பிரியும் இடத்தில் மெல்லிய நாக்குப் போன்ற சவ்வு ஒன்று உண்டு. நெற்சப்பிக்கு அது இல்லை. வவிலோவ் கூறிய போலித்தோற்றத்துக்கு இப்புல்லே சிறந்த சான்று. சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில் இது நெல்லின் சாயலைப் பெறத் தொடங்கி ஏறக்குறைய 1,000 ஆண்டுகள் ஆகின்றன என்று 2019 இல் வெளிவந்த பரம்பரையலகு ஆய்வொன்று காட்டிற்று. எனினும் நெற்சப்பி எவ்வளவு நடித்தாலும் நெல் ஆகாது. நாக்கைப் பார்த்தால் வேடம் கலைந்துவிடும்.

நாக்கும் உள்ள களை ஒன்று வந்தால் யாது செய்வது?

1990களின் தொடக்கத்தில் அம்பாறை மாவட்டத்து வயல்களில் அத்தகைய ஒன்று கவனத்துக்கு வந்தது. விதைத்த நெல்லோடு நெல்லாய் வளர்ந்து, பலவிடங்களில் அதனினும் உயர்ந்து, முந்திப் பூத்து, வெட்டுக்கு முன்னரே மணிகளைச் சேற்றில் கொட்டிவிட்டு வெறுங்கதிரோடு நிற்கும் நெல் அது. பின்னர் வவுனியா, புத்தளம், குருநாகல், மாத்தறை எனப் பல மாவட்டங்களிலும் அது காணப்பட்டது. களைநெல் என்று நூலோரும் பன்றிநெல் என்று கமக்காரரும் வழங்குவர். சிங்களத்தில் இது வல் வீ எனப்படும். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே முதலிய அறிஞர் இதன் இயல்பையும் பரவலையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். இது இலங்கைக்கு மட்டும் உரிய துன்பமன்று. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் செந்நெல் என்ற பெயரில் 19 ஆம் நூற்றாண்டிலேயே இது அறியப்பட்டிருந்தது. மலேசியாவில் 1980களின் இறுதியில் பரவத் தொடங்கியபோது அந்நாட்டார் இதற்குப் பாடி அங்கின் எனப் பெயரிட்டனர். காற்றுநெல் என்பது அதன் பொருள். காற்றடித்தால் உதிர்வது என்பதைக் குறிக்கும் அப்பெயர், நூலோர் இட்ட எப்பெயரினும் பொருத்தமுடையது.

களைநெல் எவ்வினத்தது எனின், பயிரிடும் நெல்லின் இனமே அது. பெரும்பாலும் ஒரைசா சற்றைவா என்ற அதே பெயராலேயே தாவரநூலாரும் அதனைக் குறிப்பர். நெல்லைப் பயிராக்கிய காலத்தில் மனிதன் அதனிடமிருந்து சில குணங்களை நீக்கினான். முதலாவது, மணி உதிர்தல். காட்டுநெல்லின் மணி முதிர்ந்தவுடன் காம்பிலிருந்து கழன்று விழும். அது செடிக்கு நன்மை, மனிதனுக்கு நட்டம். உதிராத கதிரையே அவன் வெட்டிவந்தான். வெட்டிவந்ததையே மீண்டும் விதைத்தான். இம்மாற்றத்தில் பெரும்பங்கு கொண்ட பரம்பரையலகு ஒன்று 2006 இல் இனங்காணப்பட்டது. அதில் ஒரேயோர் எழுத்து மாறியமை மணியைக் காம்போடு பிணித்துவைத்தது என்பது வியப்புக்குரியது. இரண்டாவது, உறக்கம். விதைத்த நெல் யாவும் ஒருங்கே முளைத்தல் கமக்காரனுக்கு வேண்டும். காட்டுச்செடிக்கோ அது பேராபத்து. மூன்றாவது, அரிசியின் செந்நிறத் தோல். செந்நிறத்துக்கும் உறக்கத்துக்கும் தொடர்பில்லை என்றே தோன்றும். ஆயின் இவ்விரண்டும் ஒரே பரம்பரையலகின் ஆட்சியில் அடங்குவன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அரிசியின் தோலைச் சிவப்பாக்கும் அதுவே விதையை உறங்கவும் வைக்கின்றது. களைநெல்லின் அரிசி பலவிடங்களில் சிவந்திருத்தலின் காரணம் இதுவே. சிவப்பரிசி எல்லாம் களைநெல் என்று இதனாற் கருதலாகாது. யாழ்ப்பாணத்து மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் விரும்பி உண்ணப்படும் சிவப்பரிசி நெல்வகைகள். அவை உழவனுக்கு அடங்கியவை.

மனிதன் பல்லாயிரம் ஆண்டுகள் முயன்று நீக்கிய குணங்களை மீளப் பெற்றுக்கொண்ட நெல்லே களைநெல் எனலாம். அது எவ்வாறு மீளப்பெற்றது என்பதற்கு ஒரே விடை இல்லை. சிலவிடங்களில் பயிர்நெல்லே காலப்போக்கில் மாறி வீட்டைவிட்டு ஓடிய பிள்ளைபோல் ஆயிற்று. சிலவிடங்களில் அயலில் நின்ற காட்டுநெல்லோடு கலந்து கலப்பினம் தோன்றிற்று. இத்தீவிலோ காட்டுநெல் இனங்கள் ஐந்து உண்டு. அவற்றுள் ஒரைசா றைசோமற்றிசு என்பது உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. குளக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் நிற்கும் ஒரைசா நிவாராவும் ஒரைசா றூபிபோகனும் பயிர்நெல்லுக்கு மிக நெருங்கிய உறவின. மகரந்தம் மாறினால் அவற்றோடு வளமான சந்ததி உண்டாகும். நோயும் வரட்சியும் தாங்கும் புதிய நெல்லினங்களைத் தோற்றுவிக்க இக்காட்டுநெற்களே கருவூலம் என்பதையும் மறத்தற்கில்லை. களைக்குத் தந்தையாகும் செடியே நாளைய பயிருக்கும் தந்தையாகக் கூடும் என்பது இக்கதையின் சிக்கல்களுள் ஒன்று.

இச்சிக்கலின் ஆழத்தை அறியக் கொழும்பிலேயே ஓர் ஒப்புமை உண்டு. வெள்ளவத்தைக் கால்வாயைக் கடந்து செல்வோர் நீர்மேல் அடர்ந்து மிதக்கும் ஆகாயத்தாமரையைப் பலகாலும் கண்டிருப்பர். அழகிய ஊதாப்பூவுக்காக 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்புக்குக் கொணரப்பட்ட தென்னமெரிக்கச் செடி அது. சில ஆண்டுகளுள் அது விளைத்த தொல்லை கண்டு 1909 இல் அதனை ஒழிக்கவெனத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1939 இல், சல்வீனியா என்னும் நீர்ப்பன்னம் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்குக் கற்பித்தலின் பொருட்டுக் கொண்டுவரப்பட்டது. மாணவர் பார்வைக்கென வந்த அது வகுப்பறையை விட்டு வெளியேறிக் குளங்களையும் வாய்க்கால்களையும் வயல்களையும் மூடியது. ஆகாயத்தாமரை விடயத்தில் அடைந்த பட்டறிவு இருந்தும் சல்வீனியாவுக்குக் கதவு திறக்கப்பட்டமை கற்றோரின் மறதிக்கு நல்ல எடுத்துக்காட்டு. எனினும் இவ்விரு செடிகளும் அந்நியர். அந்நியரைச் சட்டத்தால் தடுக்கலாம், துறைமுகத்தில் மறிக்கலாம், அவர்தம் தாய்நாட்டுப் பகைவரை அழைத்துவந்து ஏவலாம். 1980களில் சல்வீனியாவை மட்டுமே தின்னும் சிறு வண்டு ஒன்று வரவழைக்கப்பட்டு இந்நாட்டு நீர்நிலைகளில் விடப்பட்டது; அது பலவிடங்களிற் பெரும்பயன் தந்தது. களைநெல்லுக்கு இவ்வழிகளுள் ஒன்றேனும் பொருந்துமா? களைநெல்லைத் தின்னும் வண்டு நெல்லையும் தின்னும். துறைமுகத்துக் காவல் உள்நாட்டில் தோன்றியதை மறிக்காது.

களைநாசினியின் நிலையும் அதுவே. நெல்வயலில் நெடுங்காலம் பயன்பட்ட புறொப்பனில் என்னும் மருந்தை எடுத்துக்கொள்க. அது நெல்லின் மீதும் நெற்சப்பியின் மீதும் ஒருசேரத் தெளிக்கப்படும். நெல்லின் இலையில் அம்மருந்தைச் சிதைத்துத் தீங்கற்றதாக்கும் நொதியம் ஒன்று நிறைந்திருக்கின்றது; நெற்சப்பியில் அது மிகக் குறைவு. ஆதலின் நெற்சப்பி கருகும், நெல் பிழைக்கும். களைநெல்லிடம் அந்நொதியம் குறைவின்றி உண்டு. களை, பயிரிலிருந்து எத்துணை வேறுபடுகின்றதோ அத்துணையே மருந்துக்கு இடமுண்டு. கோதுமையிடைக் காட்டு ஓட்சு வேறு சாதி. ஆகையால் அங்கே மருந்துக்குச் சிறிது வழி இருந்தது. பயிரிடும் ஓட்சினிடையே காட்டு ஓட்சு வளர்ந்தால் அங்கும் இதே இடர்தான்; இரண்டும் ஒன்றோடொன்று கலந்து வித்தீனும் உறவின.

இவ்விடரைச் சூழ்ச்சியால் வெல்ல அமெரிக்காவில் ஒரு முயற்சி நிகழ்ந்தது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தார், குறித்த ஒருவகை மருந்தைத் தாங்கும் நெல்லைத் தெரிந்து வளர்த்தனர். 2002 இல் கிளியர்பீல்ட் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அந்நெல்லை விதைத்து அம்மருந்தைத் தெளித்தால் களைநெல் மடியும், பயிர் நிற்கும். சில ஆண்டுகள் உழவர் மகிழ்ந்தனர். நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை உடையதாயினும், நூற்றில் ஒன்றுக்கும் குறைந்த அளவில் அயல்மகரந்தம் புகும். பரந்த வயலில் அச்சிறு விழுக்காடே போதுமாயிற்று. தாங்குந்திறன் பயிரிலிருந்து களைக்குச் சென்றது. மருந்துக்கு அசையாத களைநெல் தோன்றிற்று. 2010 இல் இம்முறையை ஏற்ற மலேசியாவிலும் அவ்வாறே நேர்ந்தது. உடன்பிறந்தானுக்குத் தெரியாமல் வீட்டில் இரகசியம் வைப்பது அரிது.

இனி, இக்களை இந்நாட்டில் அண்மைக் காலத்தே மிகுந்தது ஏன் என்பதைக் காணவேண்டும். இதன் விடையிற் பெரும்பகுதி வித்திடும் முறையில் அடங்கியுள்ளது. 1960களில் அரசு நாற்று நடுகையை ஊக்குவித்தது. நாற்றுமேடையில் வளர்ந்த பயிர் சேற்றில் நடப்படும்போது அது களையினும் சில வாரம் மூத்தது. உடனே நீர் கட்டப்படுதலால் மண்ணிலுள்ள களைவிதை மூச்சடைத்து முளைக்காது. நிரையாக நட்டவிடத்து, நிரைக்கு வெளியே நிற்பது எதுவும் அயலான் என்று கண்டு பிடுங்கலாம். ஆயின் நடுகைக்கு ஆள் வேண்டும். கூலி உயர்ந்தது, இளைஞர் நகரங்களையும் வெளிநாடுகளையும் நாடினர், சேற்றில் குனிந்து நடுவதற்கு ஆளில்லை. இன்று இலங்கை வயல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விதைநெல்லை நேரே வீசி விதைக்கும் முறையே நிலவுகின்றது. வீசி விதைத்த வயலில் பயிரும் களைநெல்லும் ஒரேநாளில் பிறந்து, ஒரே உயரத்தில் வளர்ந்து, ஒழுங்கின்றி நிற்கும். எதனைப் பிடுங்குவது? கதிர் வெளிப்பட்டு, மணியின் நிறமும் நுனி வாலும் தெரியும்வரை கண்ணுக்கு வழியில்லை. அப்போதோ காலம் கடந்துவிட்டது.

வீச்சு விதைப்பையே முழுக் குற்றவாளியாக்குவது பொருந்தாது. யாழ்ப்பாணத்தின் மானாவாரி வயல்களில் புழுதியில் விதைத்து மழையை எதிர்நோக்கும் வழக்கம் மிகப் பழையது. அக்காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் சிறுவயலிற் கையாற் களையெடுத்தது. தன் வயலில் நன்கு விளைந்த பகுதியைத் தனியே வெட்டி, தனியே சூடடித்து, அடுத்த ஆண்டு விதைநெல்லாக வைத்தது. வீச்சு விதைப்பு எஞ்சியிருக்க, அதற்குத் துணைநின்ற இவ்விரு வழக்கங்களும் தளர்ந்தமையே கேட்டுக்கு இடந்தந்தது எனக் கூறுதல் தகும்.

விதைநெல்லைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். விவசாயத் திணைக்களத்தின் சான்று பெற்ற விதை நாட்டின் முழுத்தேவைக்கும் போதுவதில்லை; பெரும்பாலான கமக்காரர் தாம் சேமித்ததையோ அயலாரிடம் மாற்றிப் பெற்றதையோ விதைக்கின்றனர். இலங்கைக் களைநெல்லை ஆராய்ந்து 2014 இல் வெளியான பரம்பரையலகு ஆய்வு ஒன்று, ஒரே வயலின் களைநெல்லுக்குள்ளேயே மிகுந்த வேறுபாடு இருத்தலைக் கண்டது. விதை ஓரிடத்திலிருந்து ஓரிடம் மாறிச் செல்வதே அதற்கு முக்கிய காரணம் என்று காட்டியது. அதாவது களைநெல்லைப் பரப்பியது காற்றுமன்று, பறவையுமன்று. கமக்காரனின் சாக்கே அதன் ஊர்தி. உறவினருக்கு விதைநெல் கொடுப்பது இந்நாட்டுக் கிராமங்களில் அன்பின் அடையாளம். போரால் தரிசாகக் கிடந்த வடகிழக்கு வயல்களுக்கு 2009 இற்குப் பின் மீண்ட குடும்பங்களிடம் விதையே இருக்கவில்லை. வெளியிடங்களிலிருந்து வந்ததையே விதைக்க நேர்ந்தது. தூய விதை என்பது அவர்களுக்கு அறிவுரையால் தீரும் காரியமன்று; யாரேனும் உற்பத்தி செய்து உரிய காலத்தில் உரிய விலைக்குத் தரவேண்டிய பொருள். 2003 இல் நிறைவேறிய 22 ஆம் இலக்க விதைச் சட்டம் விதை விற்பனையை ஒழுங்குபடுத்த வழிசெய்தது. வேலிக்கு மேலால் கைமாறும் அரைச்சாக்கு நெல் எச்சட்டத்தின் கண்ணிலும் படாது.

மற்றோர் ஊர்தி அறுவடை இயந்திரம். அரிவி வெட்டும் சூடடிப்பும் ஆளின்றிப் போகவே, வெட்டித் தூற்றிச் சாக்கில் இடும் பெரிய இயந்திரங்கள் வாடகைக்கு வருகின்றன. அவை ஒரு மாவட்டத்தில் வெட்டு முடிந்ததும் அடுத்த மாவட்டத்துக்குச் செல்வன. அவற்றின் சல்லடைகளிலும் மூலைகளிலும் சங்கிலிகளிலும் சேறோடு ஒட்டிய நெல் பல கிலோ தங்கியிருக்கும். ஒரு மணி போதும் என்னும் களைக்கு அது பெருங்கொடை. இயந்திரத்தை வரம்பேறுமுன் கழுவித் துடைக்கக் கேட்கும் உரிமை வயலுக்குரியவனுக்கு உண்டு. ஆனால் மழை இருண்டு வரும்போது, அடுத்த வயற்காரன் காத்திருக்கும்போது, அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுபவர் சிலரே.

நட்டம் எவ்வளவு என்பதற்கு 1985 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று அளவு தருகின்றது: ஒரு சதுர மீற்றரில் ஐந்து களைநெற் செடிகள் நின்றாலே விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஐந்து செடி என்பது வரம்பில் நின்று பார்ப்பவனுக்குத் தெரியாத அளவு. செடி பெருகினாலோ வெட்டுக்கூலிக்கும் காணாது என்று வயலை விட்டுவிடும் நிலை வரும். எஞ்சிய நெல்லிலும் சிவந்த மணி கலந்தால் வெள்ளையரிசியாக விற்கையில் விலை குறையும். கொட்டாஞ்சேனைக்கு அணித்தான பழைய சோனகத் தெருவின் அரிசி மொத்த வணிகர் கைப்பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து விலை கூறுவோர். களைநெல்லின் பெயரை அறியாவிடினும் அதன் தடத்தை அவர்கள் கண் அறியும்.

வள்ளுவர், கொடியோரை வேந்தன் ஒறுத்தலை இளம்பயிரிடையே களை நீக்குவதற்கு ஒப்பாகக் கூறினார். களை வேறு, பயிர் வேறு எனக் கண்டவுடன் தெரியும் வயலை உள்ளத்திற் கொண்ட உவமை அது. குற்றவாளி குடும்பத்துள்ளேயே பிறந்து குடும்பத்தின் முகத்தோடு நிற்கும் வயலில், ஒறுத்தலுக்கு முன் அடையாளங்காணலே பெரும்பாடு.

ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. களைநெல்லின் முளைக்கும் இயல்பைக் கொண்டே அதனை ஏமாற்றும் முறை ஒன்று உண்டு. வயலைப் பண்படுத்தி நீர்பாய்ச்சி, விதையாமல் விட்டால் மேல்மண்ணிலுள்ள களைவிதைகள் பயிர்க்காலம் வந்தது என்று நம்பி முளைக்கும். முளைத்ததைச் சேற்றில் உழுது அமுக்கிப் பின் மறுமுறையும் அவ்வாறே செய்து, அதன் பின்னரே விதைத்தல் வேண்டும். இதற்குக் குளத்தில் நீரும் கைவசம் காலமும் வேண்டும். பெரும்போக மழை பிந்தும் ஆண்டில் இரண்டும் கிடையா. முளைத்ததை அழிக்கக் கிளைபோசேற்று மருந்தைத் தெளித்துவந்தோர், 2015 இல் அது தடைசெய்யப்பட்டபோது உழவுக்கே மீண்டனர். 2021 இல் இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் வந்த திடீர்த் தடை அவர்தம் இடரை மேலும் பெருக்கிற்று. நடுகையைக் குறைந்த ஆளோடு செய்யும் பரசூட் முறையும் இந்நாட்டில் அறிமுகமாகியுள்ளது. குழித்தட்டுகளில் வளர்த்த நாற்றை வேர்மண்ணோடு வீசி எறிந்தால் அது சேற்றில் நிமிர்ந்து விழுந்து வேரூன்றும். வீச்சு விதைப்பின் எளிமையும் நாற்று நடுகையின் முதுமையும் ஒருங்கே கிட்டுவதால் களைநெல் உள்ள வயலுக்கு இதுவே ஏற்றது எனத் தோன்றுகின்றது.

இவை யாவும் செய்தும் எஞ்சி நிற்பவற்றுக்குக் கையன்றி வேறு கருவி இல்லை. பயிருக்கு மேலே தலைநீட்டும் கதிரை, பால் முற்றி மணி கெட்டியாகுமுன், அரிவாளால் கொய்து சாக்கில் இட்டு வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடல் வேண்டும். கொய்த கதிரை வரம்பில் எறிந்தால் வரம்பே அடுத்த போகத்து நாற்றுமேடையாகும். ஒருமுறை நடந்தால் எல்லாம் அகப்படா. களைநெல் ஒரே நாளில் பூப்பதில்லை. முதற்கதிர் தோன்றியபின் சிலநாள் இடைவிட்டு மூன்று நான்கு முறையேனும் வயல் முழுவதும் நடத்தல் வேண்டும். பெரும்பாலும் பெண்களே இவ்வேலையைச் செய்கின்றனர். கொய்யாது விட்ட ஒரு செடி நூற்றுக்கணக்கான மணிகளைச் சொரியும். அவற்றுள் ஒரு பங்கு அடுத்த போகத்தில் முளைக்கும்; எஞ்சியவை அதற்கடுத்த போகங்களுக்காக மண்ணுள் உறங்கும்.